தரைக்கடியில் ஏழு மைக்

காதிஸ் நகரத்து மீன் சந்தைக்குப் பின்னால்
ஒரு பழைய ஐஸ் கிடங்கு.
அங்கே பலகை மேடைக்கு அடியில்
வயிற்றால் ஊர்ந்துபோய்
ஏழு மைக் பொருத்தியவன் நான்.
முழங்கைச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.

கொன்சொலாசியோனின் ஃபிளமெங்கோ காலணியில்
குதிக்கு இருபது ஆணி, முனைக்கு இருபத்தைந்து.
எண்ணியிருக்கிறேன்,
தைக்கக் கொண்டுபோனதே நான்தானே.
அவள் மிதித்தால்
மானியில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும்.

எனேகோவுக்கு வெறுங்கால்.
பில்பாவோவிலிருந்து வந்த நவீன நடனக்காரன்.
பன்னிரண்டு வருடம் விழுந்து விழுந்து
சத்தமில்லாமல் விழப் பழகியவன்.
அவன் ஆடும்போது முள்
ஐஸில் கிடத்திய மீனின் கண்.

முதல் வாரம் முழுக்கச் சண்டை.
"நீ தரையைக் கெஞ்சுகிறாய்" என்றாள்.
"நீ அதை விசாரிக்கிறாய், போலீஸ் மாதிரி" என்றான்.
மார்செய்க்காரி யோலாந்து
பேஸ் கிளாரினெட்டை முழங்காலில் சாய்த்து
ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

சொலேயாவுக்கு எண்ணிக்கை பன்னிரண்டு.
கடிகாரம்தான், கிறுக்குப் பிடித்த கடிகாரம்:
மூன்றில் அடிக்கும், ஆறில் அடிக்கும்,
பிறகு அவசரப்பட்டு எட்டில், பத்தில்,
பன்னிரண்டில்.
எனேகோ நெட்டுருப் போட்டான்.
எண்ணுவது உதட்டில் தெரிந்தது.
"உதட்டை மூடு" என்றாள்.
மூடினான்.
கழுத்து நரம்பு எண்ணியது.

மூன்றாம் வாரம், செவ்வாய்.
லெவாந்தே காற்று ஊர்க் கதவுகளையெல்லாம்
இழுத்து இழுத்துப் பார்த்த இரவு.
ஒத்திகை பார்க்கப் பதினொரு பேர், ஒரு நாய்.
ஏழாவது மைக்கில்
நான் கூப்பிடாத ஒன்று கேட்டது.
சுவருக்கு அப்பால் எவாரிஸ்தோவின் மதுக்கடை,
அவருடைய சூரைமீன் உறைபெட்டி
ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது.
குறைக்கத்தான் விரலை வைத்தேன்.
ஏனோ ஏற்றிவிட்டேன்.

யோலாந்து ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.
அந்த முனகலுக்குக் கால் சுரம் கீழே
நுழைந்தாள்.
இரண்டும் உரசியதில் எனக்குப் பல் கூசியது,
நாய் எழுந்து நின்றது.

கையைத் தூக்கிய கொன்சொலாசியோன்
தூக்கியபடியே நின்றாள்.
காலை எங்கே வைப்பதென்று
அவளுக்குத் தெரியாமல் போனதை
அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எனேகோ விழுந்தான்.
இந்த முறை சத்தத்தோடு,
லாரியிலிருந்து மூட்டை இறங்குவதுபோல்:
மூன்றில் தோள், ஆறில் விலா,
எட்டில் இடுப்பெலும்பு,
பத்தில் உள்ளங்கை.
பன்னிரண்டை விட்டுவிட்டான்.

விட்ட பன்னிரண்டை
அவள் குதிகால் எடுத்துக்கொண்டது,
இருபது ஆணியில் ஒன்று மட்டும் தொட்டதுபோல்.
முள் அசைந்ததா என்று கேட்காதீர்கள்.
நான் மானியைப் பார்க்கவில்லை.

பதிவில் பத்தொன்பது நிமிடம் இருக்கிறது.
பிறகு உறைபெட்டி நின்றுவிட்டது.
அவை அப்படித்தான்,
போதிய குளிர் சேர்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும்.
மூவரும்
இன்னொரு படி இருக்கிறதென்று நம்பிக்
காலை இறக்கியவர்கள்போல் ஆனார்கள்.
யோலாந்து சிரித்துவிட்டாள், குழலுக்குள்ளேயே.
அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.
யாரோ "ஓலே" என்றார்.
சரியான இடத்தில் சொன்னாரா என்று
இன்றும் வாக்குவாதம்.

முதல் காட்சிக்கு முந்தைய நாள்
எவாரிஸ்தோவிடம் போய்க் கேட்டேன்:
எட்டரை மணிக்குப் பெட்டி ஓடுமா?
"கதவைத் திறந்து வைத்தால் ஓடும்.
மீனுக்கு யார் பணம் தருவது?"
கொன்சொலாசியோன் வேண்டாமென்றாள்.
ஓடினால் ஓடட்டும்.

ஓடவில்லை.
அரங்கு நிறைந்திருக்க
முதல் சில நிமிடம் மூவரும்
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
கடைசி பஸ் போய்விட்ட நிறுத்தத்தில் நிற்பதுபோல்.
யாரோ இருமினார்கள்.
யோலாந்து குழலில் வெறும் மூச்சை மட்டும் விட்டாள்.

அப்போது எனேகோ குனிந்து
அவளுடைய இடது காலணியைக் கழற்றினான்.
அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டான்.
அவள் ஒரு கால் ஆணியும்
ஒரு கால் தோலுமாக
நொண்டி ஓரடி வைத்தாள்.

ஏழு மைக்கையும் முழுதாக ஏற்றினேன்.