கச்சான் விழுந்த இரண்டு நாள்

கச்சான் விழுந்துவிட்டது.
குந்துகால் மணலில் பட்டங்கள்
சினைவிட்ட கணவாய் போலத் துவண்டு கிடக்கின்றன.
காற்றில் பறந்து கடலில் சறுக்க வந்தவர்கள்
வலைக்கட்டிலில் படுத்துக்கொண்டு
கைபேசியில் காற்றைத் தேடுகிறார்கள்.
ஐந்தாம் குடில்காரி மட்டும்
நேரே என் அடுப்படிக்கு வந்தாள்.

கடவுச்சீட்டில் ஒரேலி மூத்துசாமி.
மேலாளர் பெர்க்மான்ஸ் பதிவேட்டில்
முத்துச்சாமி என்று திருத்தினார்.
பேனாவை வாங்கி அவள் அதை அடித்தாள்.
'என்னுடையது நீளம்' என்று சைகையில் சொன்னாள்.
என் பெயர் சந்தியாகு.
அவள் வாயில் சந்தியாகோ.
நான் எதையும் அடிக்கவில்லை.

பரோட்டாவுக்குக் கொட்டிய மாவில்
விரலால் தன் தீவை வரைந்தாள்:
வண்ணத்துப்பூச்சி.
இரண்டு இறக்கைக்கும் நடுவே
ஒல்லியாக ஓர் உப்பாறு,
அதன்மேல் பாலம்.
ரயில் போகுமா என்றேன். இல்லையாம்.
பரவாயில்லை,
எங்களுக்கும் இரண்டு வருஷம் இல்லாமல்தான் இருந்தது.

அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கி
நீலத்தைப் படம் எடுத்துக்கொண்டு
சாயங்காலமே போய்விடுவார்களாம்.
இங்கே வேன் வேனாக வருகிறார்கள்,
அதே நீலம்,
கூடுதலாக ஒரு சங்குமாலை.

உப்பிட்ட மீனில் வடை சுடுவார்கள்,
கரும்புச் சாராயத்தில் எலுமிச்சை பிழிவார்கள்,
மாலியேமேனுக்குக் கிடா வெட்டி
வாழையிலையில் விருந்து வைப்பார்கள்.
சாம்பல் புதனன்று கறுப்பு வெள்ளை உடுத்தி
ஒரு பொம்மை ராஜாவைக் கொளுத்திவிட்டு
ஒப்பாரி வைப்பார்கள்.
தங்கச்சிமடத்தில் எங்களுக்கு
நெற்றியில் ஒரு பொட்டுச் சாம்பல்தான்.
ராஜாவையே எரிக்கலாம் என்று
எந்தச் சாமியாரும் சொல்லவில்லை.

பிறகு பையிலிருந்து எடுத்தாள்
மஞ்சள் பொடிப் பொட்டலம் ஒன்று.
மோந்தேன்.
மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம்,
அடியில், சந்தேகமே இல்லை, வறுத்த அரிசி.
'கொலொம்போ' என்றாள்.
கடலைக் காட்டினேன்: அதுவா?
அந்தப் பக்கம் போனால்
படகைப் பிடித்துக்கொள்வார்களே!

பெர்க்மான்ஸ் படித்தவர், குறுக்கே வந்தார்.
'ஊர் இல்லையடா, குழம்பு!
நூற்றைம்பது வருஷத்துக் கடலில்
ழகரம் விழுந்துபோயிருக்கிறது.'
அவருக்குக் கண் கலங்கியது.
எனக்குக் கலங்கவில்லை.
எங்கள் தெருவில் யார் சொன்னார்கள் குழம்பு என்று?
மீன் கொளம்பு, கருவாட்டுக் கொளம்பு,
'நேத்து வச்ச கொளம்பு இருக்கா?'
விழுந்தது என்றால்
கரையிலேயே விழுந்தது.
எழுத்துக்காரரைவிட
இவள் எனக்குப் பக்கம்.

கிடா கிடைக்கவில்லை.
தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது.
நாட்டுப்படகில் வந்த விளமீன் நாலு.
புளியைக் கரைக்கப் போனேன், கையைத் தட்டினாள்.
மாங்காய் போட்டாள். கத்தரிக்காய் போட்டாள்.
ஏதோ தழை கேட்டு, கிடைக்காமல்
ஓமவல்லியைக் கிள்ளிப் போட்டாள்.
எங்கள் முண்டு மிளகாயை எடுத்துக்
காதருகே ஆட்டினாள், விதை குலுங்கியது.
அவள் ஊர் மிளகாயும் குண்டுதானாம்,
ஆனால் காய்வதற்குள் தின்றுவிடுவார்களாம்.

ருசியா?
பொய் சொல்லக் கூடாது.
முதல் வாய் யாரோ போல இருந்தது.
இரண்டாவது வாய்க்குப் புளி தேடினேன்.
மூன்றாவதில் தேடவில்லை.

அவள் பாதி தின்றிருப்பாள்.
கூரையில் ஓலை ஒன்று அசைந்தது.
பிறகு எல்லா ஓலையும்.
தட்டை அப்படியே விட்டுவிட்டு
கை கழுவாமல் ஓடினாள்.
கடலுக்குமேல் ஒரு சிவப்புப் பட்டம்,
கீழே நூலளவு அவள்.

மீதிப் பொடியை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள்.
டப்பாவில் போட்டு மூடியாயிற்று.
மேலே பெயர் எழுதவேண்டும்,
இல்லாவிட்டால் பெர்க்மான்ஸ்
மஞ்சள்தூள் என்று எடுத்துவிடுவார்.
'கொ' எழுதிவிட்டேன்.
அடுத்த எழுத்துக்கு
பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
காற்று டப்பாவைத் தள்ளுகிறது.