செவ்வாய், மதியம் ஒன்றரை

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்குப் பின்னால்
இரண்டாம் மாடி.
மூன்று வருடமாக
அந்தத் திவானில் படுத்துக்கொண்டு
மின்விசிறியிடம் பேசுகிறேன்.
தலைமாட்டில், பார்வைக்கு எட்டாமல்,
டாக்டர் கார்கானிஸ்.
அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:
வலது செருப்பின் குதிகால்தான் முதலில் தேயும்.
மழைக்காலம் பூராவும் தும்முவார்.

கேள்வி கேட்டால் கேள்விதான் திரும்பி வரும்.
ஊருக்குப் போயிருந்தீர்களா என்றால்
போயிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பார்.
சுவரில் அடித்த பந்து.
பழகியிருந்தது.

அன்று, துறைமுகத்தில் நனைந்துபோன
நானூறு மூட்டைத் துவரம்பருப்பைப் பற்றிச்
சொல்லிக்கொண்டிருந்தேன்
(சரக்குச் சேதம் மதிப்பிடுவது என் பிழைப்பு).
அவர் வயிறு இரைந்தது.
நீளமாக,
பாலத்தில் ஏறும் லோக்கல் மாதிரி.

"சாப்பிட்டீங்களா?"

தமிழில் கேட்டுவிட்டேன்.
எங்கள் ஆட்களுக்கு அது கேள்வியே இல்லை,
வணக்கம் சொல்வதுபோல ஒன்று என்று
இந்தியில் தடுமாறி விளக்கிவிட்டுப்
பந்துக்குக் காத்திருந்தேன்.

"இல்லை," என்றார்.
"காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன்.
இன்னும் சாப்பிடவில்லை."

முதலில் கோபம்தான் வந்தது.
ஐம்பது நிமிடத்துக்குக் காசு கொடுக்கிறவன் நான்,
உங்கள் பசியை எதற்கு என் மடியில் வைக்கிறீர்கள்?
கேட்டும்விட்டேன்.
"ஆமாம், வைத்துவிட்டேன்," என்றார்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
ஒரு ரயில் போனது. எதிர்ப்பக்கம் இன்னொன்று.

ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸில்
அப்பாவோடு சண்டை என்றால்
அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.
அம்மா, சாப்டியா?
"ஆச்சு."
முதுகுதான் பதில் சொல்லும்.
எனக்கு ஏழு வயது.
தட்டு ஸ்டாண்டுக்குப் போய்
விளிம்பு நசுங்கிய அவள் தட்டை மட்டும்
விரலால் தடவிப் பார்ப்பேன்.
காய்ந்திருக்கும்.
ஒருமுறை மூன்று நாள் காய்ந்திருந்தது.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
நான் எழுதித் தராத
முதல் சேத அறிக்கை.

இதை மின்விசிறியிடம் சொல்லவில்லை.
திரும்பியும் பார்க்கவில்லை.
பின்னால் ஓர் ஆள் இருந்தார்,
பசியோடு.
அவரிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை மறுபடியும் பழைய பந்து, பழைய சுவர்.
சனிக்கிழமையும்.

அடுத்த செவ்வாய்
அறையில் லேசாகப் பூண்டு வாசனை.
வயிறு ஒன்றும் பேசவில்லை.
நானும்
தடவிப் பார்க்கவில்லை.