இரண்டும் ஒன்றே

கொல்லம் ஆண்டு 1121.
மூலப்பத்திரம் மலையாளத்தில்.
வாசித்துச் சொல்ல இருநூறு வாங்கினார்
கோட்டாறு ஆதார எழுத்தர் பூதலிங்கம்:
"தெற்கே தோடு, வடக்கே அயினி மரம்,
திருவிதாங்கூர், அகஸ்தீஸ்வரம் தாலுகா."

அடுத்த தாளில் மதராஸ் மாநிலம்.
அதற்கடுத்து தமிழ்நாடு, நகராட்சி.
இந்த வருட ரசீதில் மாநகராட்சி.
முன்னால் ஒரு மா சேர்ந்ததில்
வரி எங்கேயோ போய்விட்டது.

பதினொன்றே முக்கால் சென்ட்
விரற்கடை நகரவில்லை.

என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.
ஆதாரில் ஸ்டெல்லாபாய்,
தானப்பத்திரத்தில் தெல்லாபாயி.
"ரெண்டும் ஒரே ஆள்னு
தாசில்தார்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க."

ஊருக்கு யார் கொடுத்தது அப்படியொரு சான்று?
கேட்கவில்லை.
டோக்கன் நாற்பத்தாறு,
மழை வேறு.

அயினியை 92இல் வெட்டியாயிற்று.
தெற்கே அந்தத் தோடு,
எந்தத் தாளிலும் பெயர் கிடைக்காமல்,
அடுக்களைக்குப் பின்னால்
நாறிக்கொண்டு ஓடுகிறது.