கிண்ணத்தை மாற்றினேன்

அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலில் எழுதியிருந்தது:
"ஆகஸ்ட் எண்பத்தொன்று. மழை. கிண்ணத்தை மாற்றினேன்."
கீழே இன்னொரு கையெழுத்து, சாய்ந்தது:
"மே தொண்ணூறு. பெரிய கிண்ணம்."
அதற்கும் கீழே, தேதியில்லாமல், ஒரு கெட்ட வார்த்தை.

பிரின்ஸ் ரூபர்ட்டில் மழை வராத நாளைத்தான்
செய்தியாகச் சொல்வார்கள்.
இந்த ஊரில் போய், நாற்பத்தொன்பது வயதுக் கேம்பரை
ஆயிரத்து எண்ணூறு டாலருக்கு வாங்கினேன்,
பேரம் பேசிவிட்ட பெருமையோடு.
கண்ணாடியிழை வண்டி. இரண்டு பாதி முட்டையோட்டை
இடுப்பில் ஒட்டிய மாதிரி.
எங்கிருந்து ஒழுகும், என்றார் விற்றவர்.
அவர் மெத்தையைத் தூக்கிக் காட்டவில்லை.
நானும் தூக்கச் சொல்லவில்லை.

மெத்தைக்கடியில் பலகை, ஊறிய ரொட்டி.
திருப்புளியை வைத்தேன். அழுத்தவில்லை. போனது.

டோர்வால்ட் மார்ச்சில் என்னோடு குடிவந்தவன்,
மீன் ஆலையில் குளிரூட்டி மெக்கானிக்.
"ஈரம் இருக்கிற இடத்தில் ஓட்டை இருக்காது" என்றான்.
நான் நம்பவில்லை.
படுக்கைக்கு மேலிருந்த ஜன்னலைச் சுற்றி
ஏற்கெனவே நான்கு பேரின் சிலிக்கான்:
வெள்ளை, மஞ்சளித்த வெள்ளை, கறுப்பு,
யாரோ அவசரத்தில் பிதுக்கிய பற்பசை நீலம்.
ஐந்தாவதாக நான் பூசினேன்.
அன்றிரவே சொட்டியது,
அதே இடத்தில், அதே தாளத்தில்.

ஒழுகுவது என்றால் நடப்பதும்தான்.
நீர் தன் ஒழுக்கத்தில் ஒருநாளும் தவறியதில்லை;
பள்ளம் காட்டிய பக்கம் போகும், கேட்டால் சொல்லாது.
கோபப்பட்டவர்கள் நாங்கள், ஐந்து பேர்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு துவோங்கிடம்
இலை ஊதும் மெஷினை இரவல் வாங்கிவந்தான்.
கூரைத் திறப்பில் அட்டை வைத்து, டேப் சுற்றி,
உள்ளே காற்றை ஏற்றினான்.
வண்டி விம்மியது. கதவு ரப்பர் சீட்டியடித்தது.
நான் ஏணியில் நின்று
பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துத் தெளித்தேன்.
ஜன்னலில் ஒன்றுமில்லை. ஐந்து பேர் பூச்சு, கல்.
இடுப்புப் பட்டையில் ஒன்றுமில்லை.
ரிவெட்டுகள் அறுபத்திரண்டு, எல்லாம் மௌனம்.
முன்நெற்றியில் ஆரஞ்சு விளக்கு,
கட்டைவிரல் அளவு, எரிந்து நான் பார்த்ததேயில்லை,
அதன் ஓரத்தில் ஒரு குமிழ்.
பிறகு ஒன்று.
பிறகு கைக்குழந்தையின் உதட்டோரம்போல் நுரை.

டோர்வால்ட் என்று கத்தினேன்.
மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கில் புகுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு,
கூரைத் துணிக்குப் பின்னால் எட்டடி நடந்து
ஜன்னல் விளிம்பில் களைத்து விழுந்திருக்கிறது,
நாற்பது வருடமாய்.

கழற்றினோம். அடியிலிருந்த பட்டை மாவாய் உதிர்ந்தது.
கம்பி பச்சை பிடித்திருந்தது.
இரண்டு ஓட்டைகள். ஒன்றுக்குத்தான் வேலை.
மற்றது யாரோ துளைத்து, தப்பென்று தெரிந்து,
மேலே விளக்கை வைத்து மறைத்தது.
நானும் அப்படிச் சில மறைத்திருக்கிறேன். இங்கே வேண்டாம்.
அசிட்டோனில் துடைத்து, கண்ணாடியிழைத் துண்டும் ரெசினுமாய்
அதை அடைத்தோம். புது விளக்குக்கடியில்
ப்யூட்டைல் நாடாவை நசுக்கினோம், ஓரம் பிதுங்கும்வரை.

பிறகு மழைக்குக் காத்திருந்தோம்.
பிரின்ஸ் ரூபர்ட்டில்.
ஒன்பது நாள் வெயில்.
ஊரே அரைக்கால் சட்டையில் துறைமுகத்தைச் சுற்றியது;
நாங்கள் இருவர் வானத்தை வைதோம்.

பத்தாம் இரவு வந்தது, கூரைமேல் கடலை வறுக்கிற சத்தத்தோடு.
உள்ளே படுத்திருந்தோம், புதுப் பலகையில், ரெசின் வாசனையில்,
கிண்ணம் இல்லாமல்.
மூன்று மணிக்கு என் நெற்றியில் ஒரு சொட்டு.

டார்ச் அடித்தேன். விளக்குப் பக்கம் காய்ந்திருந்தது.
ஆனால் கூரை முழுக்க வியர்வை, மணிமணியாய்.
அது மழை இல்லை. நாங்கள்.
இரண்டு பேர் ஐந்து மணி நேரம் விட்ட மூச்சு
போக வழியில்லாமல் திரும்பி வந்திருக்கிறது.
ஒருத்தியாய்ப் படுத்திருந்தால் சொட்டியிருக்காதோ என்னவோ.

அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
ஐந்து பேர் அடைத்த ஜன்னலைத்
தோளால் முட்டி
ஒரு விரல்கடை திறந்துவைத்தேன்.