பின்

நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
ஒரு சொல்லின் விலை ஒரு மூச்சு.
எல் ஆல்ட்டோ பெண்கள்
ஆட்டத்தில் அதை வீணாய்ச் செலவழிப்பதில்லை.

நான் தாழ்நிலத்துக்காரி. சான்டா க்ரூஸ்.
முதல் நாள் முழுக்கக் கத்தினேன்:
இங்கே! தா! ஆள் வருது!
பதினைந்தாம் நிமிடம்
கோட்டுக்கு வெளியே குனிந்து வாந்தி.
பசீலியா வந்தாள். முதுகைத் தடவவில்லை.
என் வாயைக் காட்டி, வேண்டாம் என்று விரலாட்டி,
அதே விரலால் தன் கண்ணிமையைத் தொட்டாள்.

பார்க்கப் பழகினேன்.
நெலிடா காலுறையை இழுத்துவிட்டால்
கார்னர் பந்து கிட்டக் கம்பத்துக்கு.
இழுக்காமல் குனிந்து நிமிர்ந்தால்
முட்டி வலி, அவ்வளவுதான்.
தோள் இடப்பக்கம் சாய்ந்து
பாதம் வலப்பக்கம் திறந்திருந்தால்
பாதத்தை நம்பு;
தோள், எதிராளிக்குச் சொல்லும் பொய்.
கோலில் நிற்கும் எர்மினியா
கையுறையை இரண்டு தரம் தட்டுகிறாள் என்றால்
நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறேன்.
பசீலியா பந்து கேட்பதே இல்லை.
தாடை ஒரு நூலளவு உயரும்.
யாருமில்லாத மூலைக்கு உதைப்பேன்.
பந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே அவள்.

ஓருரோ அணியோடு ஆட்டம்.
ஆலங்கட்டி அப்போதுதான் ஓய்ந்து
செயற்கைப் புல்லெங்கும் வெள்ளை மணிகள்.
மேலே கேபிள் கார்கள்,
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
டிக்கெட் வாங்காத ரசிகர்கள்.
ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாம் நிமிடம்.
பந்து என் காலில்.
முன்னே ஓடும் பசீலியா, திரும்பாமலே,
கட்டைவிரலைத் தோளுக்கு மேலே அசைத்தாள்:
பின்.

பின்னால் அனுப்பினேன்.
அங்கே நெலிடா இல்லை.
ஓருரோவின் பதினொன்றாம் எண் இருந்தாள்.
எர்மினியாவுக்குக் கையுறை தட்ட நேரமிருக்கவில்லை.

பேருந்தில்
ஷூவுக்குள்ளிருந்து ரப்பர் துகளைக் கொட்டியபடி
பசீலியா முதன்முறையாக நீளமாய்ப் பேசினாள்.
அவள் வீட்டு அய்மாராவில்
நடந்து முடிந்ததெல்லாம் முன்னே கிடக்கிறது,
கண்ணுக்குத் தெரிகிறதே, அதனால்.
வரப்போவது முதுகுப் பக்கம்.
"நான் காட்டியது இடமில்லை.
கொஞ்சம் பொறு, பின்பு தா."

இரண்டு தெரு வரைக்கும் பேச்சில்லை.
பிறகு அவள் பார்க்கும்படி
என் கட்டைவிரலைத் தோளுக்கு மேல் அசைத்தேன்:
அடுத்த ஞாயிறு?

அவள் தாடை உயர்ந்தது, நூலளவு.

கண்ணாடியில் கவனித்துவிட்ட டிரைவர்
பிரேக்கை அழுத்தினார்:
"எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?
வண்டியைத் திருப்பணுமா?"