முப்பது டிகிரி

வியாழன் மாலை வாங்கி வந்தான் ஓயார்ஸ்.
பையோடு அவற்றைத் தொட்டியில் மிதக்கவிட்டு
ஒரு மணி நேரம் மண்டியிட்டிருந்தான்.
எங்கள் கல்யாணத்தில்கூட
அவ்வளவு நேரம் மண்டியிடவில்லை.
ஞாயிறு காலை நார்வேக்கு விமானமேறிவிட்டான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்:
தண்ணீர் முப்பது டிகிரி. குறையக் கூடாது.
விளக்கைப் போடாதே. கண்ணாடியைத் தட்டாதே.
ஒரு வாரம் தின்னாமலும் இருக்கும், பயப்படாதே.
என் பெயர் அதில் எங்கும் இல்லை.

ரீகாவில் ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினேழு.
உறைந்த டௌகவா ஆற்றைத் துளையிட்டு
ஆட்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
என் வீட்டுக் கூடத்தில் மட்டும்
அமேசான்.

ஐந்து டிஸ்கஸ் மீன்கள்.
ஐந்தும் கருத்துப்போயிருந்தன.
படத்தில் பார்த்த நீலமும் செம்மஞ்சளும்
வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டுவிட்டன.
மூலையில் ஒன்றோடொன்று சாய்ந்து
கழுவாமல் விட்ட
விருந்துத் தட்டுகள் போல.

குளியல் தொட்டி இப்போது அவற்றுடையது.
நேற்றுப் பிடித்த குழாய்த் தண்ணீர்
குளோரின் போக அதில் படுத்திருக்கிறது.
நான் ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து
மாவு படிந்த தலையோடு வந்து
பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து அலசுகிறேன்.
பிறகு வாளிக்கு வாளி:
இருபது லிட்டர் வெளியே, இருபது லிட்டர் உள்ளே.
வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து.
முன்பு மகனுக்கு விளாவிய கை.
அவன் டப்ளினில் இருக்கிறான்.

இரவு ஒன்பதுக்கு அழைப்பான்.
சால்மன் வயிற்றைக் கீறிக் கீறி
கட்டைவிரல் மரத்துவிட்டது என்பான்.
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் மீன்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி:
"சாப்பிட்டதா?"
இல்லை.
"கழிவு வெள்ளையாய், நூல் மாதிரி போகிறதா?"
இல்லை.
"மூச்சு?"
நிதானமாய்த்தான்.
என்னைப் பற்றி அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் இரவு மின்சாரம் போனது.
காற்றுப் பம்பு நின்றதும் வீடு செவிடானது.
முப்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டரை.
கட்டில் போர்வையை உருவித்
தொட்டிக்குச் சுற்றினேன்.

மூன்றாம் மாடி ரிம்மாவின் கதவைத் தட்டினேன்.
நாலு வருடமாய்
படிக்கட்டில் முகம் திருப்பிப் போகிறவள்.
அவளிடம் கூடாரத்துக்குக் கொண்டுபோகும்
சின்ன காஸ் அடுப்பு உண்டு.
கேட்டிலைத் தூக்கிக்கொண்டு
இரவு உடையிலேயே இறங்கி வந்தாள்.

"இது சாப்பிடுகிற மீனா?"
இல்லை.
"பின்னே?"
என்ன சொல்ல?
சுடுநீர் பாட்டில்களை மிதக்கவிட்டோம்.
ஆறினதை எடுத்தோம், அடுத்ததை விட்டோம்.
அவள் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள்.
காற்று வேண்டுமாம்.
அவள் அப்பா குளத்தில் கெண்டை வளர்த்தவராம்.
பசித்தது.
கம்பு ரொட்டியும் உப்பிட்ட ஹெர்ரிங்கும் இருந்தன.
தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றோம்.

நாலு மணிக்கு வெளிச்சம் வந்தது.
இருபத்தேழு.
ஐந்தும் இருந்தன.
ரிம்மா குவளையோடு தூங்கிப்போயிருந்தாள்.

எட்டாம் நாள்
துடுப்பில் சிறு கிழிசல் உள்ளது
மூலையைவிட்டு வந்தது.
உறைந்த ரத்தப்புழு கரைந்து இறங்குவதைப்
பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தது.
எடுத்தது. துப்பியது.
யோசித்தது.
மறுபடி எடுத்தது.
செவுளோரம் ஒரு கோடு,
நீலம்தான்,
விளக்கைப் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது.
போடவில்லை.

ஒன்பது மணி.
"சாப்பிட்டதா?"
"சாப்பிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒன்றுமே கேட்கவில்லை.
"என்ன சாப்பிட்டாய், மிர்ட்சா?"
சொல்ல வாயெடுத்தேன்.
குளியலறையில் வாளி நிறைந்து வழிந்தது.
இரு, வருகிறேன் என்று
போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினேன்.