தொண்ணூறு பாகையில்

லைடன், ஜனவரி.
வாய்க்கால் உறைந்துவிட்டது,
பிள்ளைகள் அதன்மேல் சறுக்குகிறார்கள்.
அந்தப் பனிக்கட்டியும் எங்கள் கணக்கில் உலைதான்.
இங்கே கண்ணாடிக் குடுவையில் திரவ ஹீலியம்,
தனிச்சுழிக்கு நாலே டிகிரி தள்ளி.
அதற்குள் தொங்குகிறது
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய
பச்சைத் தாமிர உப்புப் படிகம்.

காந்த ஊசியைக் கிட்டே கொண்டுபோனால்
அசையாது.
எத்தனை அணு இப்படிப் பார்க்கிறதோ
அத்தனை அணு அப்படிப் பார்க்கிறது.
கூட்டினால் பூஜ்யம்.
ஒன்றுமில்லை என்று எழுதிவிடலாமா என்றேன்.
ஆல்ட்யெ, இங்கே வருமுன்
அல்க்மாரில் பாலாடைக்கட்டிக் கிடங்குக்குக் கணக்கெழுதியவள்,
தலை நிமிராமல் சொன்னாள்:
வரவும் செலவும் நேரான பக்கம்
வெற்றுப் பக்கமா?

ஆகவே புரோட்டானைக் கேட்கிறோம்.
படிகத்துக்குள் சிறைப்பட்ட நீரின் புரோட்டான்,
தாமிரத்துக்கு அடுத்த வீடு.
ஊர்க் கூட்டல் அதற்குத் தெரியாது.
சுவருக்கு அப்பால்
வடக்கே தலைவைத்தது யார், தெற்கே யார்,
அது மட்டும் தெரியும்.

வானொலி அலையால் தட்டுகிறோம்.
அதிர்வெண் பொருந்திய இடத்தில்
திரையில் சின்னதாய் ஒரு பள்ளம்.
பத்துப் பாகை திருப்பு. தேடு. குறி.
மறுபடி திருப்பு.
வரைதாளில் இரண்டு வளைகோடுகள்,
ஒன்று ஏற, ஒன்று இறங்க,
தொண்ணூறில் சந்திக்க வேண்டும்.
டாக்டர் ஸ்லாகர்மன் முந்தாநாளே
கரும்பலகையில் அம்புகளை வரைந்து வைத்திருந்தார்:
மேல், கீழ், மேல், கீழ்,
காலை வணக்கத்துக்கு நிற்கும் வகுப்புபோல.

இரவு மூன்று மணி.
ஹீலியம் இரண்டு விரற்கடை.
தொண்ணூறு.
ஒரு பள்ளம் வரவேண்டிய இடத்தில்
இரண்டு.

கம்பியா, குழாயா, என் கையா என்று
எல்லாத் திருகையும் இறுக்கினேன்.
இரண்டுதான்.
எண்பதுக்குத் திரும்பினோம். அங்கே நான்கு.
அதில் ஒன்று
சாயங்காலம் நான் இரைச்சல் என்று அழித்தது.

அப்படியானால் அம்புகள் ஒரே கோட்டில் இல்லை.
பாதி இந்தப் பக்கம் ஆறு பாகை சாய்ந்து,
பாதி அந்தப் பக்கம்.
அப்போதும் கூட்டினால் பூஜ்யம்,
அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ஹீலியம் தீர்ந்தது.
பள்ளங்கள் நகர்ந்தன, மங்கின,
படிகம் பேச்சை நிறுத்திக்கொண்டது.

ஆல்ட்யெ கரும்பலகைக்குப் போனாள்.
அவருடைய அம்புகளை அழிக்கவில்லை.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
சற்றே சாய்ந்த இன்னொன்று.
ஓரத்தில் தேதி, மணி,
ஆறு, கூடக்குறைய ஒன்று.

விரல்களில் சுண்ணப்பொடியோடே
மேசைக்கடியில் குனிந்து
சறுக்குக் காலணியைத் தேடினாள்,
வாய்க்கால் வழியாகப் போனால்
வீடு கிட்டே.